ஒலியைச் சுருக்கிய வரலாறு

தருமபுரம் என்றவுடன் மயிலாடுதுறையை அடுத்துள்ள ஆதீனத் திருமடமே பலர் நினைவுக்கு வரும். நான் பிறந்து வளர்ந்த தருமபுரம் அதுவன்று. காரைக்காலை அடுத்து, 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த பகுதியில் உள்ள சிற்றூர் அது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் ஆதலின் திருத்தருமபுரம் என்றும் வழங்குவர். இவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு யாழ்மூரிநாதர் என்பது திருநாமம். அப்பெயர் வந்த காரணத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

சம்பந்தர் பாடும் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழில் வாசித்து உடன் செல்வது வழக்கம். தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த சுற்றத்தார், பாணர் யாழில் வாசிப்பதனால்தான் பதிகத்தின் இசை எங்கும் பரவுகிறது என்று புகழ்ந்து பேசினர். அது கேட்டு அஞ்சிய பாணர், யாழில் அடங்காத இசையுடைய பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே அவர் பாட, பாணரின் விரல்களால் அவ்விசையைப் பின்தொடர இயலவில்லை. மனம் நொந்து யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தர் அவரைத் தடுத்து, எல்லா இசையும் இந்தக் கருவியின் அளவுக்குள் அடங்கிவிடுமோ என்று ஆற்றி, இயன்ற அளவில் அதில் வாசித்து வருமாறு கூறி, யாழை அவரிடமே அளித்தார்.

பெரிய ஒலியைச் சிறிய கொள்கலத்தில் அடக்குவது எவ்வாறு என்னும் வினா, இவ்வாறு எங்கள் ஊரின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வினாவுக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர் கண்ட விடைகளை இன்று ஒரு வரலாறாகக் கூற விரும்புகிறேன். அவ்விடைகளுள் ஒன்றைச் சரிவர அறியாமையால் நானே இழந்த பொருள் ஒன்றும் உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்லுவேன்.

எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் பெர்லினர் என்பவர் தட்டையான இசைத்தட்டை அமைத்தார். இந்தியாவில் 1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். அதற்குள் பாடி முடித்து, இறுதியில் தம் பெயரையும் அப்பெண்மணி உரக்கச் சொல்லுவார். கடல் கடந்து ஜெர்மனியில் தட்டு அச்சிடுவோர் பாடியவர் இன்னார் என்று அறிந்து பெயர் பொறிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அக்காலத்தில் ஒலி சுருங்கவில்லை; பாட்டே சுருங்கியது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் தோடி இராகத்தை நாகசுரத்தில் மணிக்கணக்காக விரித்து வாசிக்க வல்லவர். அவருடைய தோடி இசைத்தட்டு தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. எனினும் அத்தட்டில் கிடைப்பது சில நிமிடத் தோடியே. ஆறு கால்வாயிற் புகுந்தாற்போல, கலைஞரே தம் கலையை அளந்து அடக்கினார். கொள்கலத்துக்கு ஏற்பப் பொருளைக் குறைத்தல் என்பது முதல் விடை.

இரண்டாம் விடையைத் தந்தது தொலைபேசி. மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பர். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். தொலைபேசிக் கம்பியில் இவ்வளவையும் அனுப்புவது பெருஞ்செலவு. ஆகவே ஏறக்குறைய 300 முதல் 3,400 அதிர்வு வரை உள்ள பகுதியை மட்டும் அனுப்பினர். பேச்சு விளங்கிற்று, செலவும் குறைந்தது. ஆனால் இசை தன் ஒளியை இழந்தது. ‘ஸ’ போன்ற சீறும் ஒலிகள் மிகுந்த அதிர்வுடையவை ஆதலின், பெயர்களைக் கம்பியில் இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று. இது பாயின் நான்கு ஓரங்களையும் வெட்டிப் பெட்டிக்குள் வைப்பது போன்றது. உள்ளே வைத்தது பாய்தான். ஆனால் முழுப் பாய் அன்று.

மூன்றாம் விடைக்கு ஒலியை எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. ஒலி அலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து, அவ்வளவுகளை எண்களாகக் குறித்துக்கொண்டால், அவ்வெண்களிலிருந்து அலையை மீண்டும் அமைக்கலாம். கேட்க வேண்டிய மிகுதியான அதிர்வு எதுவோ, அதன் இருமடங்குக்கு மேலான முறை அளந்தால் போதும் என்பது கணக்கியலார் கண்ட விதி. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுவட்டில் வினாடிக்கு 44,100 முறை அளந்தனர். ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்தனர். இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று என இரண்டு வரிசை வைத்தனர். இவற்றைப் பெருக்கினால் ஒரு வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. பிட்டு என்பது ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைச் சொல்லும் மிகச் சிறிய குறி. எட்டுப் பிட்டுகள் ஒரு பைட்டு.

மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு நிமிட இசைக்கு ஒரு கோடி பைட்டுகளுக்கு மேல் வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு ஏறக்குறைய 32 மெகாபைட்டு. 1990-களின் இறுதியில் நம் வீடுகளுக்கு வந்த தொலைபேசிவழி இணையம், மிக நன்றாக ஓடினாலும் வினாடிக்கு 56,000 பிட்டுகளே கொண்டுவரும். மூன்று நிமிடம் கேட்பதற்கு ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கொள்கலம் மீண்டும் சிறிதாகிவிட்டது.

இனிச் சுருக்கும் வழிகள் இரண்டு. ஒன்றில் இழப்பு இல்லை. மற்றொன்றில் இழப்பு உண்டு.

இழப்பில்லாச் சுருக்கம் தமிழருக்குப் புதிதன்று. பழைய பத்திரங்களைப் பார்த்தவர்கள், வருடம் என்பதற்கு ௵ என்றும், மாதம் என்பதற்கு ௴ என்றும், நாள் என்பதற்கு ௳ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் ஒற்றைக் குறி இட்டிருப்பதைக் கண்டிருப்பர். அடிக்கடி வரும் சொல்லுக்குச் சிறு குறி. அரிதாக வரும் சொல்லுக்கு முழு எழுத்து. ஓலையிலும் தாளிலும் இடம் மிஞ்சிற்று. படிப்பவர் ஓர் எழுத்தும் இழக்கவில்லை. அமெரிக்காவில் மாணவராயிருந்த டேவிட் ஹஃப்மன் என்பவர், இவ்வாறு குறிகளை அமைப்பதில் மிகச் சிக்கனமான முறை எது என்பதைக் கணக்கால் காட்டி 1952-இல் வெளியிட்டார்.

இதனோடு சேர்ந்த மற்றொரு வழி முன்னறிதல். வகுப்பில் ஆசிரியர் ஒரு குறளின் முதலடியைச் சொன்னால் மாணவர் அடுத்த அடியைத் தாமே சொல்லிவிடுவர். அவர்கள் தவறும் இடத்தை மட்டும் ஆசிரியர் திருத்தினால் போதும். ஒலியும் அத்தகையதே. முந்திய சில அளவுகளைக் கொண்டு அடுத்த அளவை ஊகிக்கலாம். ஊகம் எவ்வளவு தவறிற்று என்னும் சிறு எண்ணை மட்டும் எழுதி வைக்கலாம். பேச்சொலிக்கு இம்முறையை வளர்த்தவர்களுள் தலையாயவர் ஓர் இந்தியர். கான்பூரில் 1933-இல் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிஷ்ணு அடல் அவர். கைப்பேசியில் நம் குரல் சிறிய வழியே செல்வதற்கு அவருடைய ஆய்வுகள் பெரிதும் துணை செய்தன. இன்று வழங்கும் ஃபிளாக் என்னும் இழப்பில்லாக் கோப்புமுறையும் இம்முன்னறிதலையே அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான இசையை அது பாதியளவுக்கு அல்லது அதற்குச் சற்று மேலான அளவுக்குக் குறைக்கும். பத்தில் ஒரு பங்காகக் குறைக்க அதனால் இயலாது.

அதற்குச் செவியின் இயல்பை நாட வேண்டியிருந்தது. தொல்காப்பியர் எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் வரையறுத்தார். ஒலியை அளக்க மனிதனின் உடம்பையே அளவுகோலாகக் கொண்டார் அன்றோ! இருபதாம் நூற்றாண்டின் ஒலியியலாரும் அவ்வழியே சென்றனர். ஒலி எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டு, செவி எவ்வளவு கேட்கிறது என்று ஆராயத் தொடங்கினர்.

கோயிலில் பெரிய மணி அடிக்கும்போது அருகில் நிற்பவர் மெல்லச் சொல்லும் சொல் நம் காதில் விழுவதில்லை. தவில் முழங்கும்போது ஒத்து ஊதுபவரின் ஒலி மறைகிறது. தவில் நின்றதும் அது இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தது தெரிகிறது. உரத்த ஒலி, தனக்கு அண்மையான சுருதியில் உள்ள மெல்லொலியை மறைத்துவிடும். உரத்த ஒலி அடங்கிய பின்னும் மிகச் சிறிது நேரம் செவி மந்தமாகவே இருக்கும். இதனை மறைப்பு என்பர். அமெரிக்காவில் ஹார்வி ஃபிளெட்சரும் ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஸ்விக்கரும் இதனை நுணுகி ஆராய்ந்து, எந்த ஒலி எதனை எவ்வளவு மறைக்கும் என்று அளந்து வைத்தனர். அடலும், மான்ஃபிரெட் ஷ்ரோடரும், ஹாலும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், மறைப்பின் நிழலில் பிழைகளை ஒதுக்கிவிட்டால் குறைந்த எண்களைக் கொண்டே நல்ல ஒலி பெறலாம் என்று காட்டினர்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்னும் இளைஞர் இக்கருத்தை இசைக்கு ஏற்றவாறு வளர்த்தார். அவரும், ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தாரும், பல நாட்டு ஆய்வாளரும் உழைத்து உருவாக்கிய முறையே எம்.பி. 3. 1993-இல் அது உலகத் தர விதியாக வெளியாயிற்று. அதன் செயல் இது: இசையை 1,152 அளவுகள் கொண்ட சிறு துண்டுகளாக நறுக்கும். குறுவட்டு இசையில் ஒரு துண்டு என்பது வினாடியின் 38-இல் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதிகள் எவ்வளவு உரப்பாக உள்ளன என்று பிரித்தறியும். செவிக்குத் தெளிவாக எட்டுவனவற்றை நுணுக்கமாகக் குறிக்கும். மறைவனவற்றைப் பருமட்டாகக் குறிக்கும், அல்லது விட்டுவிடும். எஞ்சிய எண்களை ஹஃப்மன் முறையால் மேலும் சுருக்கும். குறுவட்டில் வினாடிக்கு 14 இலட்சம் பிட்டுகள் கொண்ட இசையை 1,28,000 பிட்டுகளில் அடக்கினர். 32 மெகாபைட்டுப் பாட்டு மூன்று மெகாபைட்டுக்குள் வந்தது.

இம்முறையைச் சோதிப்பதற்குப் பிராண்டன்பர்க் எடுத்துக்கொண்ட பாட்டு நம் சிந்தனைக்குரியது. சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி, பக்கவாத்தியம் எதுவுமின்றிப் பாடிய பாட்டு அது. பெரிய வாத்தியக் குழுவின் இசையை ஏற்கத்தக்கவாறு சுருக்கிய முறை, இந்த ஒற்றைக் குரலைச் சிதைத்துவிட்டது. காரணம் எளிது. பல வாத்தியங்கள் ஒலிக்கையில் ஒன்றன் நிழலில் மற்றொன்றின் பிழை மறையும். துணையின்றி நிற்கும் குரலில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. அவர் அப்பாட்டை மீண்டும் மீண்டும் கேட்டு, அக்குரல் குரலாக ஒலிக்கும் வரை தம் முறையைத் திருத்தினார்.

நான் முன்னர்க் கூறிய இழப்பு இதனோடு தொடர்புடையது. 1980-களில், ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் ஊருக்கு வந்து பாடும் முதிய ஓதுவார் ஒருவரின் பாட்டைப் பல திருவிழாக்களில் ஒலிநாடாவில் பதிவு செய்தேன். குரல் ஒன்று, கைத்தாளம் ஒன்று. வேறு கருவி இல்லை. யாழ்மூரிப் பதிகம் உட்பட ஒரு மணி நேர நாடாக்கள் பன்னிரண்டு சேர்ந்தன. 2004-ஆம் ஆண்டளவில் என் பழைய மாணவர் ஒருவர் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றித் தர முன்வந்தார். காரைக்கால் குடும்பங்கள் பலவற்றைப் போல என் தங்கையின் குடும்பமும் பாரிசில் வாழ்கிறது. தொலைபேசிவழி இணையத்தில் அவளுக்கு விரைவில் அனுப்ப வேண்டும் என்னும் ஆசையால், எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கச் சொன்னேன். மாணவர், "சார், இதற்கு மேல் குறைத்தால் ஒலி கெட்டுவிடும்" என்று இருமுறை சொன்னார். ஆசிரியனுக்கு உரிய பிடிவாதத்தோடு, "பரவாயில்லை, குறை" என்றேன். வினாடிக்கு 32,000 பிட்டுகளாகக் குறைத்துக் கொடுத்தார். அனுப்பினேன்; தங்கை மகிழ்ந்தாள். கடற்காற்றால் பூஞ்சை பிடித்திருந்த நாடாக்களை, இனி எதற்கு என்று எறிந்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், அமைதியான ஓர் இரவில் நல்ல ஒலிபெருக்கியில் அதனைக் கேட்டேன். சொற்கள் விளங்கின. ஆனால் தாளத்தின் ‘ணங்’ என்னும் ஓசை மணலைக் கொட்டியது போலிருந்தது; தட்டுவதற்கு முன்னரே ஒரு சீறல் கேட்டது. திடீரென எழும் கூர்மையான ஒலியைப் போதிய எண்களின்றிக் குறித்தால், பிழை அத்துண்டு முழுவதும் பரவி ஒலிக்கு முன்னரும் கேட்கும் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். குரலின் கமகங்கள் நீருக்கடியிலிருந்து வருவன போல நெளிந்தன. அவ்வோதுவார் அதற்குள் மறைந்துவிட்டார். கெட்ட கோப்பை மீண்டும் பெரிய கோப்பாக மாற்றிப் பார்த்தேன். கோப்பு பெரிதாயிற்று, போன ஒலி வரவில்லை. வடிகட்டிய சக்கையை எறிந்த பின் சாற்றைக் கொண்டு கரும்பைச் செய்ய இயலுமோ?

பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தேன். 1,28,000 பிட்டு வீதம் வைத்திருந்தால் பன்னிரண்டு மணி நேரமும் 691 மெகாபைட்டில் அடங்கியிருக்கும். 700 மெகாபைட்டுக் குறுவட்டு ஒன்றே போதும். சிறிதும் குறைக்காமல் வைத்திருந்தாலும் பன்னிரண்டு வட்டுகளே ஆகியிருக்கும். அவ்வளவு சிறிய செலவை மிச்சப்படுத்த எவ்வளவு பெரிய பொருளைக் கொடுத்தேன்!

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவன சில. முதலாவது, மூலத்தைக் குறைக்காதீர்கள், படியைக் குறையுங்கள். மூலப் பதிவை அப்படியே, அல்லது ஃபிளாக் முறையில், இரண்டு இடங்களில் வைத்துவிட்டுப் பிறகு சிறு கோப்பு செய்யுங்கள். இரண்டாவது, குறைத்த கோப்பிலிருந்து மறுபடி குறைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பிழை பழம்பிழையோடு சேரும். வேறு அளவு வேண்டுமாயின் மூலத்திலிருந்தே செய்யுங்கள். மூன்றாவது, பொருளறிந்து குறையுங்கள். ஒருவர் பேசும் பேச்சுக்கு இரண்டு வரிசை வேண்டியதில்லை. ஒரே வரிசையாக்கினால் கோப்பு பாதியாகும். அதற்கு 64,000 பிட்டு பெரும்பாலும் போதும். இசைக்கு 1,92,000-க்குக் குறையாமல் வைப்பது நன்று. தாளம், சலங்கை, கைத்தட்டல் ஆகியவை மிகுதியான இடம் கேட்பவை. வேண்டிய இடத்தில் மிகுதியாகவும் வேண்டாத இடத்தில் குறைவாகவும் பிட்டுகளைப் பங்கிடும் மாறுவீத முறை இருக்குமாயின் அதனையே தேர்ந்தெடுங்கள். நான்காவது, பதியும்போதே மின்விசிறியை நிறுத்துங்கள். ஒழுங்கற்ற இரைச்சலை முன்னறிந்து சுருக்குவது கடினம். அது நல்ல ஒலிக்குரிய இடத்தை உண்டுவிடும். இறுதியாக, குறைத்த கோப்பைச் சிறிய கைப்பேசியில் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நல்ல கருவியில், மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

எம்.பி. 3-க்குப் பின் அதனினும் சிறந்த முறைகள் வந்துள்ளன. 1997-இல் ஏ.ஏ.சி., 2012-இல் ஓபஸ் ஆகியவை தரப்படுத்தப்பட்டன. அதே அளவு எண்களில் அவை மேலும் தெளிவான ஒலி தரும். இவற்றைப் படைத்தவர்களின் அறிவுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். குறை அவர்கள் தந்த கருவியில் இல்லை. எவ்வளவு அடங்கும் என்று அறியாமல் திணித்தவன் நான்.

யாழ் சிறிது என்பதற்காகச் சம்பந்தர் அதனை முறிக்க விடவில்லை. யாழுக்குள் அடங்கியதே முழு இசை என்றும் அவர் கூறவில்லை. அண்மையில் எங்கள் தெருப் பிள்ளைகள், கோயிலில் பாடப்பெற்ற அதே பதிகத்தைக் கைப்பேசியில் பதிந்து என்னிடம் கொண்டுவந்தனர். மூலத்தை இரண்டு தனித்தனிக் கருவிகளில் ஏற்றி, ஒன்றை என் அலமாரியிலும் மற்றொன்றை ஒரு மாணவன் வீட்டிலும் வைத்தோம். அதன் பின்னரே சிறு படி ஒன்று பாரிசுக்குப் புறப்பட்டது.